சந்திரகாந்தி வாங்கிக் கொடுத்த பிரிண்டர்

பதுளையில் நல்ல கருவாடு பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் ஏராளம். நல்ல பிரிண்டர் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான். அவள் பெயர் சந்திரகாந்தி. பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கும் எங்கள் டியூட்டரியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்பவள்.

நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள். வீட்டில் சும்மா இருந்தால் கணவரோடு சண்டை பிடிப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது என்று இந்த டியூட்டரியில் சேர்ந்தேன். நடத்துபவர் இரகுநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், கணிதம் படிப்பிக்க இளம் வயதில் பதுளைக்கு வந்து, இந்தக் குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டவர். தங்கமான மனிதர். ஆனால் 'மலிவு' என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவருடைய கணிதம் அவரைக் கைவிட்டுவிடும்.

ஒருமுறை கொழும்பில் ஏதோ கழிவு விலை போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். அதற்குள் இருக்கும் மைப்பெட்டி உள்ளங்கை அளவுகூட இல்லை. எங்கள் டியூட்டரிக்குப் பெயர் வாங்கித் தந்ததே ஒவ்வொரு கிழமையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாதிரி வினாத்தாள்தான். அந்தப் பெட்டி இரண்டு வகுப்புக்கு அடித்ததும் மூச்சை விட்டுவிடும். புதுப் பெட்டி வாங்கினால், அது பிரிண்டரின் பாதி விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்? காகித விலையும் ஏறிக் கிடந்த காலம் அது. வினாத்தாளையே நிறுத்திவிடலாமா என்று சேர் யோசிக்கத் தொடங்கியபோதுதான் சந்திரகாந்தி வாயைத் திறந்தாள்.

"சேர், அடுத்த மெஷின நான் பாக்கவா?"

பார்த்தாள். கடைக்காரனிடம் அல்ல, மெஷின் வைத்திருப்பவர்களிடம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். போட்டோகொப்பிக் கடை, மருந்துக்கடை, சட்டத்தரணி அலுவலகம் என்று ஒன்றையும் விடவில்லை. எல்லா இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: மை எங்கே கிடைக்கும், எத்தனை தாளுக்கு வரும், பழுதானால் யார் வருவார்கள்? மெஷினின் விலையை அவள் கடைசியாகத்தான் கேட்டாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் மாமியார் மாதிரி இருந்தது அவள் போக்கு.

கடைசியில் போத்தலில் மை ஊற்றிக்கொள்ளும் மெஷின் ஒன்றைச் சொன்னாள். அதிலும் கறுப்பு மட்டும் அடிப்பது. சேருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கலர் இல்லையோ பிள்ளை? விளம்பர நோட்டீஸ் அடிக்கலாமே."

"நோட்டீஸ் வருசத்துக்கு ரெண்டு தடவ சேர். அத வெளிய அடிச்சுக்கலாம். கலரு மைய பாவிக்காம வச்சிருந்தா உள்ளுக்கே காஞ்சு அடைச்சுக்கும். அப்புறம் அத சுத்தம் பண்ணவே பாதி மை போயிரும்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டீச்சர்ட வரலாத்துல என்ன கலரா இருக்கு? எல்லாரும் செத்துப்போனவங்கதானே."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது.

மெஷின் வந்தது. அன்றிலிருந்து அது அவளுடைய இரண்டாவது பிள்ளை. பதுளை மழையில் சுவரே வியர்க்கும். காகிதம் சும்மா இருக்குமா? உடைத்த காகிதக் கட்டை ஒருபோதும் வெளியில் விடமாட்டாள். பொலித்தீனில் சுற்றி இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள். தாளைப் போடுமுன் விரித்து உதறித்தான் போடுவாள். விடுமுறை நீண்டால் இடையில் ஒருநாள் வந்து, மை காயாதிருக்க ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டுப் போவாள். ஒருபக்கம் பாவித்த தாளை மறுபடி போட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று நான் ஒருநாள் யோசனை சொன்னேன். "ஸ்டேப்ளர் கம்பி ஒண்ணு உள்ள போனா மிச்சம் பிடிச்சதெல்லாம் போச்சு டீச்சர்" என்று என் கையிலிருந்து தாள்களைப் பிடுங்கி, கணக்குப் போட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

இவ்வளவு அக்கறைக்கும் ஒரு காரணம் இருந்தது. சந்திரகாந்தியின் வீடு லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில். பசறை வழியாக வளைந்து வளைந்து வரும் அந்த பஸ்ஸில் தினமும் போய்வருகிறாள். கணவன் வடிவேல் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவான். ஒரே மகள் மேனுஷா இரண்டாம் வகுப்பு. அவளை நாத்தனார் கிருஷாந்திதான் பார்த்துக்கொள்கிறாள். அம்மா வீட்டை விட்டு இறங்கும்போது பிள்ளை தூக்கத்தில் இருக்கும். அம்மா வீடு திரும்பும்போதும் தூக்கத்தில் இருக்கும்.

"ஞாயித்துக்கிழமை நான் தல பின்னிவிட்டா, அத்த மாதிரி வரலன்னு அவுத்துப் போட்டுறா டீச்சர்" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதனால், லுணுகலையில் ஒரு கிளை திறக்கலாமா என்று இரகுநாதன் சேர் பேச்செடுத்தபோது அவள் கண்கள் இரண்டும் விளக்கு மாதிரி எரிந்தன. சேர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"இந்த மெஷின் வருஷ முடிவு வரைக்கும் கரைச்சல் தராமல் ஓடட்டும். ஓடினால் இதே மாதிரி ஒண்டு லுணுகலைக்கு வாங்குவம். அங்கத்தை அலுவலகத்தை நீர் பாரும். இது இழுத்தால், கிளையைப் பற்றிப் பேசவே வேண்டாம். ரெண்டு இடத்தில ரிப்பேர்க்காரனுக்குப் பின்னால ஓட என்னால ஏலாது."

மாதங்கள் ஓடின. மெஷினும் ஓடியது. சரஸ்வதி பூசையான வாணி விழா வந்தது.

எங்கள் டியூட்டரியில் வாணி விழா என்றால் சேர் தேவாரம் பாடுவார், பிள்ளைகள் அவல் கடலைக்கு அடித்துக்கொள்வார்கள், நான் சத்தம் போடுவேன். புத்தகம், பேனை, கரும்பலகை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு உண்டு. சந்திரகாந்தி மெஷினைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, கைகூப்பி நின்றாள். அவள் என்ன வேண்டியிருப்பாள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விழா முடிந்த மறுநாள் மெஷின் படுத்துவிட்டது. அதுவும், உயர்தரப் பரீட்சைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கான கருத்தரங்கிற்கு முதல் நாள். தாளைப் போட்டால் கோணலாக இழுத்தது, கசக்கியது, நின்றது. சிவப்பு விளக்கு மின்னியது. சந்திரகாந்தி தாளை மாற்றினாள். புதுக் கட்டு உடைத்தாள். அணைத்துப் போட்டாள். உருளையைத் துணியால் துடைத்தாள். மெஷின் மறுபடியும் ஒரு தாளைக் கசக்கித் துப்பியது.

சேர் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "கறுப்பு மெஷின் வேண்டாமெண்டு நான் அப்பவே சொன்னனான். இஞ்ச விடும், தலைகீழாப் பிடிச்சு ஒருக்கா உலுப்பிப் பாப்பம்."

"ஐயோ, கவுக்காதீங்க சேர்! மை எல்லாம் கொட்டிரும்!" அவள் அந்த மெஷினைக் கட்டிப்பிடிக்காத குறை. சேர் கையை இழுத்துக்கொண்டார். வகுப்புக்குப் போகும்போது, "லுணுகலைக் கதையை இந்த வருஷம் விடுவம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேயில்லை. எனக்கு வந்த கோபத்தில் சேரையும் திட்டினேன், மெஷினையும் திட்டினேன், எனக்கு முகம் தெரியாத மெஷின் கம்பெனிக்காரனையும் திட்டினேன். பிறகு ஹாலிஎலயில் இருக்கும் புஹாரி நானாவுக்கு நானே போன் போட்டேன். பிரிண்டர், ரேடியோ, ரைஸ் குக்கர் எல்லாம் பார்ப்பவர். கூப்பிட்ட நேரத்துக்கு வருகிற பழக்கம் மட்டும் இல்லாதவர். அன்றைக்கு என் குரலில் என்ன இருந்ததோ, உடனே வந்துவிட்டார்.

போனின் வெளிச்சத்தைத் தாள் நிறுத்தும் வாய்க்குள் அடித்துப் பார்த்தார். நீண்ட இடுக்கியை உள்ளே விட்டார். மஞ்சளாக ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு ஒரு காம்பு. செவ்வந்திப் பூ.

"பொட்டு வெளிய, பூ உள்ள" என்றார் புஹாரி. "மெஷினுக்கு எப்ப கல்யாணம், தங்கச்சி?"

சந்திரகாந்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தான் வச்சேன்" என்றாள் மெதுவாக. "தாள் நிக்கிற எடம் தல மாதிரி இருந்துச்சா... சாமிக்கு வைக்கிற மாதிரி வச்சிட்டேன். பெறகு எடுக்கப் போனப்ப பூவ காணல. பிள்ளைங்க எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

இத்தனை மாதம் எவரையும் கிட்ட நெருங்க விடாதவள், பக்தி முற்றித் தானே அதன் தொண்டைக்குள் பூவைத் தள்ளியிருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. புஹாரி பூவைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சேர்கிட்ட உருளையில கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு சொல்லிர்றேன்."

அதுதான் சரி என்றேன் நானும். என் வீரம் அவ்வளவுதான்.

"உருளன்னு சொன்னா பழி மெஷின் மேல விழும் டீச்சர். அப்படி விழுந்தா லுணுகல போச்சு."

"உண்மையைச் சொன்னா உன்மேல விழுமேடி!"

"அப்பவும் போச்சுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு புஹாரியிடம் கையை நீட்டினாள். "போறதுன்னா உண்மைய சொல்லியே போகட்டும். பூவ குடுங்க நானா."

சேர் வகுப்பு முடிந்து வந்தார். சந்திரகாந்தி நசுங்கிய பூவை மேசையில் வைத்து, ஒன்று விடாமல் சொன்னாள். சேர் பூவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். ஒரு தாளைப் போட்டு அடித்தார். நேராக வந்தது. பிறகு ஒரு கட்டுத் தாளையே போட்டார். எல்லாம் நேராக, கறுப்பாக, வரிசையாக வந்து விழுந்தன. அந்தச் சத்தத்தைப்போல் இனிமையான ஒன்றை நான் அண்மையில் கேட்டதில்லை.

"அப்ப மெஷினில பிழையில்லை" என்றார் சேர்.

"இல்லீங்க சேர். பிழை என்னோடதுதான்."

"மெஷின் பிழையெண்டா நாளைக்கும் அதே பிழையை விடும். நீர் இனிச் செத்தாலும் இதுக்குள்ள பூ வைக்கமாட்டீர்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான் அவசரப்பட்டிட்டன் பிள்ளை. லுணுகலைக்கும் இதையே வாங்குவம். தை மாதமே அங்க தொடங்கும்."

சந்திரகாந்தி நின்றபடியே அழுதாள். புஹாரி ஜன்னல் வழியாக மழை வருகிறதா என்று பார்த்தார். நான் வெட்கத்தை விட்டு அவளோடு சேர்ந்து அழுதேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கினால் கண்ணால்தான் இறங்கும் போலிருக்கிறது. வினாத்தாள்களை அடுக்கிக் கட்டி முடித்ததும், பின்னேர பஸ்ஸிலேயே வீட்டுக்குப் போகச் சொல்லி சேர் அவளை அனுப்பிவைத்தார்.

மறுநாள் கருத்தரங்கில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெயில் இருக்கும்போதே போய் இறங்கியிருக்கிறாள். மேனுஷா லயத்து வாசலில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்ததாம். பாதையில் அம்மா வருவதைக் கண்டதும் ஓடி வரவில்லையாம். அப்படியே நின்றுவிட்டதாம்.

கிட்டப் போனதும் பயந்த குரலில் கேட்டிருக்கிறது: "அம்மா, யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகலடி தங்கம்" என்று தூக்கிக்கொண்டாளாம். "தை மாசத்துல இருந்து அம்மா இந்த நேரத்துக்கு வந்துருவேன்."