மெயின் ஜெட்டைக் கழற்றிய காலை

1. கோணியில் வந்த வண்டி

வரதராஜன் சார் முதல் தடவை என் லேத் பட்டறைக்கு வந்தபோது, வண்டியின் சட்டம் ஒரு மினி வேனிலும் இன்ஜின் மூன்று கோணிப்பையிலும் இருந்தது. ஐநூறு சிசி, ஒற்றை சிலிண்டர், இங்கிலாந்தில் செய்தது. யுத்த காலத்தில் பட்டாளத்துக்காக வந்து, அப்புறம் கை மாறி கை மாறி, கடைசியில் ஒரு ரைஸ் மில் கொட்டகையில் கிடந்ததாம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகிற ரோட்டில் பட்டறை. எங்களுக்கு வேலை என்றால் பம்ப்செட் ஷாஃப்ட், ஜரிகை சுற்றுகிற மெஷினுக்குப் புஷ், மில்லுக்குப் புல்லி. ரேஸ் வண்டி என்று ஒருத்தரும் வந்ததில்லை.

சார் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். என்ஜினீயரிங் காலேஜில் மெட்டீரியல்ஸ் பாடம் எடுத்தார். இரும்பு எப்படிச் சோர்ந்துபோய் உடைகிறது என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவர் உத்தியோகம்.

"கரீம் பாய், பழைய வண்டிகளுக்குன்னே ஒரு ஸ்பீட் ரன் நடத்தறா. பக்கத்துல யாரும் ஓட்டமாட்டா. நேர் ரோட்டுல ஒரு கிலோமீட்டர், தனியா ஓடணும், வாட்ச் வெச்சு அளப்பா. போறச்சே ஒரு தடவை, திரும்பி வரச்சே ஒரு தடவை. ரெண்டோட சராசரிதான் கணக்கு. எனக்கு மணிக்கு நூறு மைல் வேணும்" என்றார்.

"சார், புதுசுலயே இது எண்பதைத் தாண்டியிருக்காதே."

"அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் மயங்கிவிட்டேன். படித்தவர் ஒருத்தர் என் கையை நம்பி வந்திருக்கிறார் என்ற பெருமை. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

2. எட்டு மாதம்

கிராங்க் ஷாஃப்டை லேத் சென்டரில் ஏற்றி, கோணலை அளக்கிற டயல் கேஜ் வைத்து, செம்புச் சுத்தியால் தட்டித் தட்டி நேர் பண்ணவே நாலு நாள் ஆனது. ஃப்ளைவீலில் எடை குறைத்தேன். பிஸ்டன் வேறு போட்டு கம்ப்ரஷனை ஏற்றினேன். பின்னால் செயின் ஓடுகிற ஸ்ப்ராக்கெட்டைச் சின்னதாக்கினேன். மட்கார்டு, லைட், டூல் பாக்ஸ் எல்லாம் போச்சு. ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, சீட்டைப் பின்னால் தள்ளி, ஓட்டுகிறவன் டேங்க் மேல் குப்புறப் படுக்கிற மாதிரி வைத்தேன். கார்புரேட்டர் பெரிசு. அதன் அடியில் இருக்கிற மெயின் ஜெட், அதாவது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற பித்தளைத் துண்டு, நாங்கள் கேட்ட சைஸில் கடையில் இல்லை. நானே கடைந்து துளை போட்டேன்.

ஓட்டுகிறவன் ஸ்ரீபாலன். திருப்பருத்திக்குன்றத்து ஜைனர் வீட்டுப் பிள்ளை, முப்பது வயசு இருக்கும், பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஐம்பத்திரண்டு கிலோ. எடைக்காகத்தான் சார் அவனைப் பிடித்தார். ஆனால் அவனுக்கு இன்ஜின் பேச்சு காதில் விழும். ஓரிக்கைப் பக்கம் பாலாற்றை ஒட்டின ரோட்டில் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவான். "பாய், மூணாவது கியர்ல இழுக்கறப்ப லேசா திணறுது, நாலாவதுல சரியாப்பூடுது" என்பான். பிரித்துப் பார்த்தால் அவன் சொன்ன இடத்தில் சொன்ன கோளாறு இருக்கும்.

பொண்டாட்டிக்குத் தெரியாமல் பால் கம்பெனியில் லீவு போட்டுப் பழகினான். நூறு மைல் போனால் பேப்பரில் போட்டோ வரும் என்று சார் சொல்லியிருந்தார்.

3. ராட்

எல்லாம் புதுசாகச் செய்தோம், ஒன்றைத் தவிர. பிஸ்டனையும் கிராங்கையும் சேர்க்கிற கனெக்டிங் ராட். அது பழசு, ஐம்பது வருஷத்து இரும்பு. நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்று என்றால் ஒரு செகண்டுக்குள் நூறு தடவை இழுபட்டு நூறு தடவை நசுங்கும். அது உடைந்தால் இன்ஜின் பூட்டிக்கொள்ளும், பின்சக்கரம் நின்றுவிடும். மேலே ஸ்ரீபாலன் குப்புறப் படுத்திருப்பான்.

"சார், கிராக் டெஸ்ட் பண்ணாம நான் இன்ஜினை மூட மாட்டேன்" என்றேன்.

சென்னையில் செய்வார்கள். ராடில் காந்தம் ஏற்றி, இரும்புத்தூள் கலந்த எண்ணெயை ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலில் தூள் போய்க் கோடு போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

"நானே எடுத்துண்டு போறேன் பாய். அது என் சப்ஜெக்ட் இல்லையா" என்று ராடை வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார். "ஓகே. ரிப்போர்ட் ஃபைல்ல இருக்கு."

நான் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. இன்ஜினை மூடினேன்.

4. ஓடுதளம்

சென்னையைத் தாண்டி, விமானம் இறங்குவதை நிறுத்திப் பல வருஷம் ஆன ஒரு ஓடுதளம். காலை ஏழு மணி. இருபது முப்பது பழைய வண்டிகள், பந்தல், நாற்காலி, மெகாபோன். துளிக்கூடக் காற்று இல்லை. ஓரத்தில் நின்ற கோரைப்புல் அசையவில்லை. "இந்த மாதிரி நாள் அமையாது" என்று ஓட்டத்தை நடத்துகிற கிளப்காரர்களே சொல்லிக்கொண்டார்கள்.

எங்களுக்கு முன்னால் ரெண்டு வண்டி. சார் ஸ்ரீபாலனுக்குக் கையுறை மாட்டிவிட வேண்டும் என்று ஃபைலை என் கையில் கொடுத்தார். சும்மா நிற்கிறோமே என்று திறந்தேன். எனக்கு இங்கிலீஷ் பேச வராது. பேரிங் கேட்டலாக் படித்துப் படித்து, இரும்பைப் பற்றி எழுதியிருந்தால் புரியும்.

ரிப்போர்ட்டில் இருந்தது: டிராக்டர் கனெக்டிங் ராட், எண்ணிக்கை நான்கு.

மறுபடி படித்தேன். தேதியைப் பார்த்தேன். சார் என் பட்டறைக்கு வருவதற்கு முந்தின வருஷம்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "சார், இது எந்த ராடு?"

அவர் முகம் மாறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "பாய், மெல்லப் பேசுங்கோ. அங்க மூணு வாரம் ஆகும்னுட்டா. நமக்கு நாள் இல்லை. காலேஜ் லேப்ல பழைய ரிப்போர்ட் இருந்தது, ஃபைலுக்கு ஒண்ணு வேணுமேன்னு வெச்சேன். ராடை நான் லென்ஸ் வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்லை."

"பத்து நாளு ராடு எங்க இருந்துச்சு?"

"எங்காத்து அலமாரியில."

"ஸ்ரீபாலனுக்குத் தெரியுமா?"

"அவனை எதுக்குக் குழப்பணும்? இப்பப் போய்ச் சொன்னா பயந்துண்டு ஓட்டுவான். அதுதான் ஆபத்து."

பேசினால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று தெரிந்தது. பேசாமல் வண்டிக்குப் போனேன். பெட்ரோல் குழாயை மூடி, ஸ்பேனரை எடுத்து, கார்புரேட்டர் அடி நட்டைக் கழற்றி, மெயின் ஜெட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பெட்ரோல் முழங்கை வரை வழிந்தது.

வண்டிமேல் இருந்த ஸ்ரீபாலன் ஹெல்மெட்டைத் தூக்கினான். "இன்னா பாய் பண்றீங்க? அடுத்தது நாமதான்."

"ராடு டெஸ்ட் பண்ணலை. அந்த பேப்பர் வேற எதுக்கோ வாங்கினது. இறங்குப்பா."

மெகாபோனில் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். சார் ஓடிவந்தார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "பம்ப்செட் பாக்கறவாளை ஃபீல்டுக்குக் கூட்டிண்டு வந்தேன் பாருங்கோ, என்னைச் சொல்லணும். மெட்டல் பத்தி எனக்குப் பாடம் எடுக்கறேளா? ஜெட்டைக் குடுங்கோ."

"குடுக்க முடியாது சார். நீங்க அதும்மேல படுத்துக்கினு ஓட்டறதா இருந்தா சொல்லுங்க, இப்பவே மாட்டறேன்."

மறுபடி நம்பரைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை எங்கள் பெயரை அடித்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்கள்.

என்னைச் சுட்டது சார் பேச்சு இல்லை. ஸ்ரீபாலன் இறங்கி, கையுறையைக் கழற்றி, என் காலடியில் போட்டான். "எட்டு மாசம் பாய். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பயப்படறதா இல்லியான்னு நான் சொல்லிருப்பேன். நீங்க ரெண்டு பேருமே என்னைக் கேக்கல." திரும்பிப் பார்க்காமல் மெயின் ரோட்டுக்கு நடந்து, பஸ் பிடித்துப் போய்விட்டான்.

5. சோதனை

வேன் டிரைவர் வண்டியை என் பட்டறையில் இறக்கிவிட்டுப் போனார். சார் வேனிலிருந்து இறங்கவே இல்லை. அன்று மதியமே இன்ஜினைப் பிரித்தேன். அடுத்த நாள் ராடைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். சார் சொன்ன மூன்று வாரம் உண்மைதான். வரிசை அவ்வளவு இருந்தது. ஆனால் மேஜையில் இருந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் வரை உட்காரச் சொல்லி, நடுவில் ஏற்றிவிட்டார். நேரில் போய்ச் சொன்னால் ஒரே நாள் வேலை.

வெளியே வந்து சொன்னார்: "சுத்தமா இருக்குது பாய். ஒரு கோடு கூட இல்ல."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். விரிசல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

சாரிடம் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சென்னையில் வேறு ஒரு மெக்கானிக்கிடம் விட்டார். மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. ஊருக்குள் அவர் சொன்ன கதையில் நான் பயந்தாங்கொள்ளி.

அடுத்த வருஷம் அதே ஓடுதளத்தில் அதே வண்டி ஓடியது. ஓட்டினது ஸ்ரீபாலன்தான். என்னை யாரும் கூப்பிடவில்லை. போகும்போது காற்றில்லாமல் நூற்று மூன்று மைல், திரும்புவதற்குள் காற்று எழும்பி, எதிர்க்காற்றில் தொண்ணூற்று மூன்று. சராசரி தொண்ணூற்று எட்டு. முந்தின வருஷம் மாதிரி காற்றில்லாத நாளாக இருந்திருந்தால் நூறைத் தாண்டியிருக்கும் என்று கிளப்பில் எல்லோரும் சொன்னார்களாம். ஒத்துக்கொள்கிறேன். தாண்டியிருக்கும்.

6. ஸ்ரீபாலன் கேட்டது

அதற்குப் பிறகு ஒருநாள் ஸ்ரீபாலன் பால் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினான். ஒரு வருஷமாக அந்தப் பக்கம் வராதவன். நன்றி சொல்ல வரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் பாய். ராடு நல்லாதான் இருந்துச்சு. உங்களால எனக்கு நூறு போச்சு. இப்ப அதே நாளு திரும்பி வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"அதேதான் பண்ணுவேன். ஆனா உன்னைக் கேட்டுட்டுப் பண்ணுவேன்."

"நான் ஓட்டறேன்னு சொல்லியிருந்தா?"

"அப்பவும் எடுத்திருப்பேன். நீ என்னை அடிச்சிருப்ப."

வாசல்படியில் உட்கார்ந்துகொண்டான். "சார் மேல இன்னும் கோவமா பாய்?"

"இருக்குது."

"எனக்கும்தான்" என்றான். "உங்க மேலயும்."

"இருக்கட்டும்பா."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டால், ராட் நல்லா இருந்ததா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். தப்பான கேள்வி. நல்லா இருந்தது என்று அன்றைக்குக் காலையில் யாருக்கும் தெரியாது. சார் அதிர்ஷ்டத்தை அறிவு என்று நினைத்துக்கொண்டார், அதுவும் இன்னொருத்தன் உயிரை வைத்து. அவர்மேல் என் கோபம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய கோபம் என்மேல்தான். எட்டு மாதம் ஒவ்வொரு பேரிங்கையும் நானே அளந்தேன். உயிர் போகிற ஒரே சாமானுக்கு மட்டும் படித்தவர் வாய்வார்த்தை போதும் என்று இன்ஜினை மூடினேன். ரிப்போர்ட்டைக் கொடுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். கேட்டிருந்தால் ஓட்டத்துக்கு முன்பே டெஸ்ட் நடந்திருக்கும். காற்றில்லாத அந்தக் காலையில் ஸ்ரீபாலன் ஓட்டியிருப்பான். அவனுடைய நூறு மைலைக் கெடுத்தது ஓடுதளத்தில் நான் ஜெட்டைக் கழற்றியது இல்லை. பட்டறையில், பேப்பரைப் பார்க்காமல், கடைசி நட்டை நான் முடுக்கினது.