மொட்டைத் தலைக்கு ஆப்சென்ட்

போன வாரம் திருப்பதியில் மகளுக்கு மொட்டை போட்டோம். அன்றிலிருந்து, தினமும் பள்ளிக்குப் போகிறவளுக்கு ஆப்சென்ட் என்று எனக்கு மெசேஜ் வருகிறது.

கணவர் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் ஷிப்டில் இருந்ததால், இன்று நானே அவளை அழைத்துக்கொண்டு அவள் படிக்கும் அரசுப் பள்ளிக்குப் போனேன். முகத்தைப் பார்த்து வருகை பதியும் ஆப், மொட்டைத் தலையை ஏற்கவில்லையாம்.

தலைமையாசிரியர் தெலுங்கில் சொன்னார்: "முடி வளர்ற வரைக்கும் வீட்டுலயே வச்சுக்கோங்கம்மா."

"சார், இவ உங்க முன்னாடிதானே நிக்கிறா?"

"எனக்குத் தெரியுது. ஆப்புக்குத் தெரியணுமே!"

மகள் என் கையைப் பிடித்து, "எதுக்கும்மா? நான் டெய்லி வந்தேனே," என்றாள்.

புதுப் படம் எடுத்துப் பதியும்வரை நகரமாட்டேன் என்று அவர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டீ குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்தது. இதற்குச் சோம்பல்பட்டா ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தப் பார்த்தார்கள்?

அதே பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் பல மாதமாகக் காலி. அதற்கு ஆப்சென்ட் மெசேஜ் யாருக்குப் போகிறது?

உங்களில் யாருக்காவது வந்தால் சொல்லுங்கள்.