ஞாயிற்றுக்கிழமை மௌனம்

எனக்கு மூக்கின் மேல் கோபம். காப்பி ஆறியிருந்தால் டவராவைத் தூக்கி எறிவேன். மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே நாள் முழுவதும் கைகட்டி நின்றுவிட்டு, சேர்த்துவைத்த கோபத்தையெல்லாம் வீட்டில் வந்து கொட்டுவேன். பிறகு வருத்தப்படுவேன். மறுநாள் மறுபடியும் அதே கூத்து.

அந்த நாளில் அடையாறில் ஒரு தோட்டத்தில், மரத்தடியில் பிரசங்கங்கள் நடக்கும். நாற்பது வயதுக்கு மேல் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். நிலையான சந்தோஷம் என்று ஒன்று உண்டு, மனிதன் தன்னைத் திருத்திக்கொண்டால் அது தானே வரும் என்று சொன்னார்கள். எனக்கு எதில் திருத்தம் வேண்டும் என்பதில் எனக்கோ வீட்டாருக்கோ சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் விளக்கு வைக்கும்வரை மௌன விரதம் என்று ஆரம்பித்தேன்.

முதலில் கையில் ஒரு சிலேட்டு இருந்தது. 'உப்பு அதிகம்' என்று எழுதி மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். எழுதினாலும் திட்டு திட்டுதானே! சிலேட்டையும் விட்டேன். கோபம் வந்தால் மூச்சை இழுத்து, ஒரு புன்சிரிப்பை வரவழைத்து, மெல்லத் தலையை மட்டும் அசைப்பது என்று பழகிக்கொண்டேன். ஒரு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. மனைவி பாடிக்கொண்டே சமைத்தாள். அதுவரை எட்டி நின்ற என் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்தாள். இதுதான் அந்தச் சந்தோஷம் என்று எனக்கு ஒரே பெருமை.

பெண்ணுக்குப் பதினைந்து வயது. கணக்கில் கெட்டிக்காரி. காலேஜில் படிக்கவேண்டும் என்று ஆசை; படிக்கவைக்கிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை மாம்பலத்திலிருந்து என் அண்ணா வந்தார். கூடவே ஒரு பெரியவர், அவர் மனைவி, கையில் பழத்தட்டு. பம்பாயில் ரயில்வே உத்தியோகம் பார்க்கும் தங்கள் பிள்ளைக்கு என் பெண்ணைக் கேட்டு வந்திருந்தார்கள். ஜாதகப் பொருத்தமெல்லாம் அண்ணாவே பார்த்து முடித்திருந்தார். அப்பா காலமானபின் எங்கள் குடும்பத்தில் அவர் வைத்ததே சட்டம்.

"இவனுக்கு இன்னிக்கு மௌனம். மத்தபடி தங்கமான மனுஷன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நிச்சயம் பண்ணிண்டுடலாமோன்னோ? தலையையாவது ஆட்டேன்!"

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. பழக்கப்படி மூச்சை இழுத்தேன். 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினேன். பழைய ஆளாக இருந்தால் அந்த ஆட்டலில் குடுமி அவிழ்ந்திருக்கும், யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் ஒரு வருஷம் பழக்கிய தலை, புன்சிரிப்போடு, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக மெல்லச் சாய்ந்தது. நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"பேஷ்! ஆகட்டும்கிறான்" என்றார் அண்ணா.

பதறிப்போய் எழுந்தேன். தட்டு வாங்கத்தான் எழுந்திருக்கிறேன் என்று நினைத்து அந்தப் பெரியவரும் எழுந்து, தட்டை என் கையில் வைத்துவிட்டார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். விரதம் கெட்டுவிடுமே என்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் அண்ணாவுக்குத் தலைகுனிவாகுமே என்றும் நினைத்தேன். அதற்குள் மனைவி வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு எங்கள் தட்டைக் கொண்டுவந்து நீட்ட, அண்ணா வாங்கிக் கொடுத்துவிட்டார். தட்டு மாற்றியாகிவிட்டது. கோபத்தை அடக்கத் தெரிந்த எனக்கு, அதை வேண்டிய இடத்தில் வரவழைக்கத் தெரியவில்லை. அன்றைக்கு நான் கத்தியிருக்கவேண்டும்.

வந்தவர்கள் மத்தியானமே போய்விட்டார்கள். விளக்கு வைத்ததும் கத்தினேன். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து கிளம்பிக்கொண்டிருந்த அண்ணா, அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார்.

"தட்டு மாத்தினப்புறம் என்னடா பேச்சு? நாளைக்கு நம்மாத்துப் பொண்ணை யார் கேட்டுண்டு வருவா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மனைவி அவர் சொன்னதுதான் சரி என்பதுபோலப் பழத்தட்டை எடுத்துச் சுவாமி முன்னால் வைத்தாள்.

பெண் கூடத்தில் புஸ்தகங்களோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வேண்டாம்னுதானேப்பா தலையாட்டினேள்? நான் கதவண்டை நின்னு பார்த்துண்டே இருந்தேன்."

"தெரிஞ்சுண்டா சும்மா இருந்தே?"

"நீங்க பேசிடுவேள்னு நெனச்சேன்."

அவள் குரலில் கோபம் துளிகூட இல்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகட்டுமாப்பா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புஸ்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, சிநேகிதியிடம் இரவல் வாங்கியவற்றைத் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.