நாலு மணி இருட்டு

"கிறிஸ்துமஸுக்குப் பனி கொட்டுதாம். இவளுக்கு யாராச்சும் ஒரு ஃபேன் வாங்கிக் குடுங்கப்பா."

லாமிங்டன் கேக்குகளை ஒரு கையால் அடுக்கிக்கொண்டே, மறு கையிலிருக்கும் கைபேசியைத் திட்டுகிறார் மாரீன் பிக்கர்ஸ். டிசம்பரில் கோடை கொளுத்தும் ஆஸ்திரேலியாவின் டப்போ ஊர் பேக்கரியில் காலை வியாபாரம் கொஞ்சம் ஓய்ந்தால் போதும், இந்த வேலை தொடங்கிவிடும்.

'வில்கா ஓடை' என்றொரு டிவி தொடர். நோரா என்ற கிராமத்து நர்ஸின் கதை. நின்றுபோய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. ரசிகர்கள் விடுவார்களா? அதே நோராவை வைத்துத் தாங்களே கதைகள் எழுதி இணையத்தில் போடுகிறார்கள். பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் கால் வைத்ததில்லை. அவர்கள் கதையில் ஆஸ்திரேலியா ஒழுங்காக இருக்கிறதா என்று திருத்தித் தருவது மாரீன் தானாக எடுத்துக்கொண்ட பதவி. சம்பளம் கிடையாது. அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை.

"நோரா பஸ்ஸுக்கு நிக்கறாளாம். அந்த ஊருக்கு ஏதும்மா பஸ்ஸு?" என்று பிரேசில் பெண்ணைக் கேட்பார். "தபால்காரரைத் தினம் ஒரு கங்காரு வழிமறிக்குதாம். நாங்க என்ன சர்க்கஸா நடத்தறோம்?" இது கனடாக்காரருக்கு.

அவருடைய ஆஸ்திரேலியாவில் யாரும் வாசல் கதவைப் பூட்டுவதில்லை. எல்லோருக்கும் எல்லோர் நாயின் பெயரும் தெரியும். கணவர் ட்ரெவருக்கு இதில் ஒரு சந்தேகம்: "நீ சொல்ற ஊரு எங்க இருக்கு தாயே? நான் இங்கயே பொறந்து வளந்தவன். பாத்ததில்லையே."

"நீ டிவி பாத்திருக்கணும்," என்பார் மாரீன்.

மாரீன் பார்த்தவர். எட்டு வயதில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது, பள்ளிக்கூடமே அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தது. மாலையில் கண்ணாடி முன் நின்று நோரா மாதிரியே பேசிப் பழகித்தான் இந்த ஊர்க்காரி ஆனார். இதை இணையத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஆண்டுதோறும் அவர் எழுதும் கிறிஸ்துமஸ் கதைக்கு அங்கே தனி மரியாதை. ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டுமா, மாரீனைப் படி என்பார்கள். இந்த வருஷக் கதையைப் போட்ட மறுநாள், ஃபின்லாந்திலிருந்து ஐனோ என்ற பெண் ரகசியமாக எழுதியிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாலு மணிக்கு இருட்டிடுச்சு, நோராவோட அம்மா விளக்கைப் போட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. எங்க ஊர்லதான் கிறிஸ்துமஸ் அப்படி இருக்கும். உங்க ஊர்லயுமா?"

மாரீன் மூன்று முறை படித்தார். இன்னும் நாலு பேர் கண்ணில் பட்டால் பதவி போகும். அதுகூடப் பரவாயில்லை. மறுபடியும் எட்டு வயதில் அந்தப் பள்ளி வாசலில் நிற்க வேண்டிவரும்.

"அந்த வரியை அடிச்சிட்டுப் போ," என்றார் ட்ரெவர். "இங்க எட்டு மணி வரைக்கும் வெயில் பொளக்குது."

"அது நோராவோட அம்மா இல்ல, ட்ரெவ். எங்கம்மா."

அந்த வரியை அடிக்க மாரீனுக்கு மனம் வரவில்லை. லீட்ஸ் சமையலறையில், குளிர்கால நாலு மணி இருட்டில், அம்மா விளக்கைப் போட்ட அந்த ஒரு நிமிஷம்தான் அங்கிருந்து அவர் கொண்டுவந்த சொத்து.

அன்று வெளியே நாற்பத்தொரு டிகிரி. வெகுநேரம் யோசித்து, அந்த வரிக்கு முன்னால் ஒரே ஒரு வரி சேர்த்தார்: வெயில் தாங்காமல் நோரா ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடினாள்.

அடுத்தவர் கதையென்றால் சரிபார்க்காமல் விடுவாரா? தன் கதைக்கும் அதே சட்டம்தான். எழுந்துபோய்த் தன் வீட்டுத் திரைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து மூடினார். கூடம் இருண்டது. கடிகாரத்தில் நாலாகும்வரை நின்றிருந்து, விளக்கைப் போட்டார்.