ஒரு கட்டிலுக்கு இங்கிலீஷ், ஒரு கட்டிலுக்குத் தமிழ்

ஆறு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், என் தங்கை எஸ்தர் அழுதாள். காரணம் – என் இங்கிலீஷ்.

இத்தனை நாள் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தும்மினால்கூட இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு எழுதிவிடுகிறவன்தானே நான்! ஆனால் இது முடிவு தெரியாமல் எழுதுகிற விஷயம் இல்லை. இப்போது தெரிந்துவிட்டது. சொல்கிறேன்.

எனக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் உத்தியோகம். சீமைக்குப் போகும் கடிதங்களை எழுதுவது என் வேலை. சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து வேலூரில் வீட்டுக்கு வந்துவிடுவேன். எஸ்தர் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகச் சேர்ந்திருந்தாள். மூன்று மாதம் பார்ப்பார்கள். தேறினால் வெள்ளைத் தொப்பி. தேறாவிட்டால்... கலவை என்ற ஊரிலிருக்கும் எங்கள் மாமா ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். வயது நாற்பது. 'பரீட்சையில் தோற்றுவிட்டால் பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும்' என்று அம்மாவிடம் வாக்கும் வாங்கியிருந்தார்.

மூன்று மாதத்தில் பாதி ஓடிவிட்டது. எஸ்தருக்கோ வார்டில் பேசும் இங்கிலீஷ் புரியவில்லை. எட்டாம் வகுப்பு படித்தவள், புத்தகம் வாசிப்பாள். வார்டுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா வாயைத் திறந்தால்தான் ஆபத்து.

"எல்லாம் எனக்குத் தெரிஞ்ச வார்த்தைதாண்ணா. 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும். மூணையும் சேத்துச் சொன்னா மட்டும் இன்னா சொல்றாங்கன்னே புரியல!"

'பொறுத்துக்கொள்' என்பதைத்தான் மிஸ்ஸியம்மா அப்படி மூன்று துண்டாகச் சொல்லியிருக்கிறார். நான் சும்மா இருப்பேனா? இன்டர்மீடியட் தேறியவன்! 'அதெல்லாம் சில்லறை இங்கிலீஷ், நான் உனக்கு முழு நோட்டாகத் தருகிறேன்' என்று ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். 'கெட் அப்' எதற்கு, 'அரைஸ்' இருக்கும்போது? விளக்கை 'புட் அவுட்' பண்ணுவானேன், 'எக்ஸ்டிங்குவிஷ்' பண்ணலாமே! வாந்திக்கு நான் எழுதிய வார்த்தையை இங்கே அச்சுக் கோர்ப்பவர் நலன் கருதி விட்டுவிடுகிறேன்.

எஸ்தர் அத்தனையையும் மனப்பாடம் செய்து, மிஸ்ஸியம்மா எதிரே நின்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"அவங்க என்னையே பாத்தாங்கண்ணா. அப்புறம் இன்னொரு நர்ஸக் கூப்ட்டு, 'யாராவது செத்துப்போய்ட்டாங்களா'ன்னு கேட்டாங்க! கல்லறைக் கல்லுல வெட்டற மாதிரி பேசறேனாம். வார்டே சிரிச்சுது." நோட்டை என் மடியில் போட்டாள். "நீயே வச்சுக்கோ!"

"இன்டர் படிச்ச மூஞ்சியப் பாரு!" என்றாள் அம்மா. வேறென்ன சொல்வாள்? கலவை மாமாவிடமிருந்து அன்றுதான் கடுதாசி வந்திருந்தது.

ஞாயிறு ராத்திரி ரயிலில் ஆம்பூர் திரும்பும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், என் டிக்‌ஷனரியை ஜன்னல் வழியாக எறியலாமா என்று பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை போகிறேன் – வாசலிலேயே எஸ்தரின் சிரிப்புச் சத்தம்!

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்க எப்போதும் இரண்டு பேர். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இருவரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் துப்பட்டி சுருக்கமில்லாமல் விழும். அந்த வாரம் ஒருநாள் எஸ்தருக்கு ஜோடியான பெண்ணுக்குக் காய்ச்சல். மிஸ்ஸியம்மாவே வந்து எதிர்ப்பக்கம் நின்றுவிட்டார்.

கட்டிலில் மாதனூர்ப் பெரியவர் ஒருவர். படுக்கை மாற்ற வேண்டும். அழுக்குச் சட்டையையும் கழற்ற வேண்டும். மிஸ்ஸியம்மா தமிழ் படித்துக்கொண்டிருந்தவர். சீமையிலிருந்து வந்தவர்களுக்கும் தமிழில் ஒரு பரீட்சை உண்டாம். தேறாவிட்டால் நோயாளிகளோடு இருக்கிற வேலை கிடையாது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து காகிதம் பார்க்க வேண்டியதுதான். அவர் தம் புத்தகத் தமிழைத் திரட்டி, கணீரென்று சொன்னார்:

"ஐயா, நீர் எழும்பும்! உம்முடைய வஸ்திரத்தைக் களையும்!"

பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? ஜெபம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக் கை கூப்பினார். கடைசியில் "ஆமென்" என்றும் சொன்னார்.

எஸ்தர் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. மிஸ்ஸியம்மாவின் முகம் சிவந்தது. கலவை மாப்பிள்ளை கண்முன்னால் வந்து நின்றானாம்!

"நீ எப்படிச் சொல்வாய்?" என்று கேட்டார் மிஸ்ஸியம்மா.

எஸ்தர் பெரியவர் தோளைத் தொட்டாள். "எழுந்துக்கோங்க பெரியவரே. சட்டையைக் கழட்டிடுங்க."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாமா?" என்று பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டை கழன்றது.

மிஸ்ஸியம்மாவுக்கு ஆச்சரியம். "'எழு' என்றால் போதாதா? பின்னால் அந்தக் 'கோ' எதற்கு?"

எஸ்தருக்கு இலக்கணம் எங்கே தெரியும்? "அது இல்லாட்டி அவர் எழுந்துக்க மாட்டார், மிஸ்ஸியம்மா."

மிஸ்ஸியம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "எங்கள் 'அப்'பும் அதேதான்! அது இல்லாவிட்டால் எங்கள் ஊரில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்!"

அன்றே ஒப்பந்தம். ஒரு கட்டிலுக்கு இங்கிலீஷ், அடுத்த கட்டிலுக்குத் தமிழ். துப்பட்டியின் ஒரு முனையை எஸ்தர் இழுத்து 'டக் இன்' என்பாள். அடுத்த கட்டிலில் மிஸ்ஸியம்மா 'சொருகிடு' என்பார். 'டர்ன் ஓவர்' – 'திரும்பிப் படுத்துக்கோ'. 'லுக் ஆஃப்டர்' – 'பாத்துக்கோ'. வார்டில் இருபது கட்டில். மாதனூர்ப் பெரியவர் மூன்றாம் நாளே இரண்டு பாஷையிலும் திரும்பிப் படுக்கத் தொடங்கிவிட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். நாமும் நாள் முழுக்க இதைத்தானே செய்கிறோம்? 'வா' என்றால் அழைப்பு. 'வந்துடு' என்றால் கண்டிப்பு. 'வந்து தொலை' என்றால் – எங்கள் அம்மா. வாலில் ஒரு சின்னச் சொல் ஒட்டியதும் ஆளே மாறிவிடுகிறான்! இங்கிலீஷ்காரர்களும் வீட்டில், தெருவில், வார்டில் இப்படி ஒட்டுப்போட்டுத்தான் பேசுகிறார்கள். பட்டு ஜரிகை வார்த்தைகளெல்லாம் பெட்டிக்குள். அந்தப் பெட்டியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, இங்கிலீஷ் தெரியும் என்று திரிந்தவன் நான்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் எஸ்தர் வாத்தியார், நான் மாணவன். "கோட்டை டேக் ஆஃப் பண்ணு. சிட் டவுன். நடுவுல பேசினா... ஷட் அப்!" கடைசிப் பாடம் எனக்கு முதல் தடவையிலேயே புரிந்தது.

ஷாப்பிலும் கடிதத்தின் கொழுப்பைக் குறைத்தேன். முதலாளி சாயபு ஒருநாள் கையெழுத்துப் போடும்போது கேட்டார்: "இன்னா தம்பி, லெட்டர் ரொம்ப கம்மியா கீது?"

"போதும் பாய். விஷயம் பூரா இருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும். இப்பதான் பதில் ஜல்தி வருது!"

சென்ற வியாழக்கிழமை எனக்கு ஒரு கார்டு வந்தது. எஸ்தர் கையெழுத்து. இங்கிலீஷில் இரண்டே வரி. 'ஐ காட் த்ரூ. கம் ஓவர்.' தேறிவிட்டேன், வந்துவிடு! டிக்‌ஷனரி பக்கம் என் கை போகவே இல்லை. நான் குதித்த குதியைப் பார்த்து, சாயபு வெள்ளிக்கிழமையே லீவு கொடுத்துவிட்டார்.

"மாப்பிள்ளைக்கு வேற பொண்ணைப் பாத்துக்கச் சொல்லு" என்று அம்மா மாமாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். அந்த 'பாத்துக்கச் சொல்லு'வில் இருந்த சந்தோஷம்!

மிஸ்ஸியம்மாவும் தமிழில் தேறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்குமாக எங்கள் வீட்டில் விருந்து. தலையில் வெள்ளைத் தொப்பியோடு எஸ்தர், ஆட்டுக்கறிக் குழம்போடு அம்மா. சம்மணம் போட்டு உட்கார்ந்த மிஸ்ஸியம்மா, மூன்றாம் முறை கரண்டி நீண்டதும் இலையைக் கையால் மறைத்து, வேலூரிலேயே பிறந்தவர் மாதிரிச் சொன்னார்:

"வேணாம்மா, ஆஸ்பத்திரியிலயே கொஞ்சம் சாப்ட்டுட்டு வந்துட்டேன்!"

நான் கை தட்டினேன். எஸ்தர் எழுந்தே நின்றுவிட்டாள். அம்மா மட்டும் அசரவில்லை.

"அதெல்லாம் ஒரு சாப்பாடா? கையை எடுத்துடுங்க... இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க!"

இலை நிறைந்தது. மிஸ்ஸியம்மா எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் என்னைப் பார்த்தாள். எந்தப் பாஷையில் தேறினால் என்ன – எங்கள் அம்மாவிடம் 'போதும்' என்று சொல்ல இன்னும் ஒருவரும் தேறவில்லை!