பேக்கரி வழியாகப் போன கோடு

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு ரேடியோ சங்கத்து நண்பர்கள் வைத்த பெயர் மோப்பம். மாதத்தில் ஒரு ஞாயிறு, சங்கத்தில் யாராவது தீப்பெட்டி அளவு டிரான்ஸ்மிட்டர் ஒன்றை ஊருக்குள் எங்கேயாவது ஒளித்துவைப்பார்கள். அது கீச் கீச்சென்று சத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, எந்தப் பக்கம் சத்தம் ஓங்குகிறதோ அந்தப் பக்கம் தேடிப் போக வேண்டும். இஞ்ச் டேப்பின் தகட்டை வெட்டிக் குழாயில் கட்டிய மோப்பத்தின் ஆன்டெனா, காற்றில் முறிந்த குடை மாதிரி இருக்கும். ஆனால் பதினோரு வருடத்தில் அவர் தோற்றது இரண்டே முறை. வரைபடம் பிடித்துக் கோடு போடுவது மனைவி. "ஊருக்கெல்லாம் மோப்பம். வீட்டுல பால் தீயும்போது மட்டும் மூக்கடைப்பு" என்பாள்.

சங்கத்தார் வீட்டிலிருந்தே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அலைவரிசையில் இரண்டு மாதமாக ஓர் இரைச்சல். நாலு பேர் பேச உட்காரும் நேரமாகப் பார்த்துக் கிளம்பும். மனைவி அலுவலகம் போயிருந்த ஒரு நாள், மோப்பம் மொட்டைமாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பினார். கோடு நேரே போய்ப் பேக்கரியில் முட்டியது. பேக்கரிக்காரரும் சங்கத்து ஆள்தான். வாய் கொஞ்சம் நீளம். மோப்பம் கடைசியாகத் தோற்ற அன்று எல்லார் முன்னாலும், "மோப்பத்துக்குச் சளி பிடிச்சிருச்சு" என்று சிரித்தவர்.

இரைச்சல் பேக்கரியிலிருந்துதான் வருகிறது என்று மோப்பம் அன்றே சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். விஷயம் பரவியது. அதற்குப் பிறகு பேக்கரிக்காரர் காலையில் மைக்கில் வணக்கம் சொன்னால் பதில் சொல்ல ஆளில்லை. இந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் அவர் பெயரையே நீக்கப் போவதாகப் பேச்சு.

ஞாயிறு காலை, வரைபடத்தை மடிக்க எடுத்த மனைவி கேட்டாள். "ஏங்க, இதுல ஒரு கோடுதானே இருக்கு?"

"இன்னொண்ணு தேவைப்படல. அதான் நேரா அவன் கடைக்குப் போகுதே."

"கோடு கடையோட நின்னுடுச்சா, இல்ல நீங்க பென்சிலை எடுத்துட்டீங்களா?"

வேறோர் இடத்திலிருந்து இன்னொரு கோடு போட்டு, இரண்டும் வெட்டும் புள்ளியில்தான் தேட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுக்கிற பாடம். ரேடியோவைப் போட்டார், இரைச்சல் இருந்தது.

தண்ணீர்த் தொட்டியருகே ஸ்கூட்டரை நிறுத்தி, அவர் ஆன்டெனாவைத் திருப்ப, மனைவி சீட்டின்மேல் வரைபடத்தை விரித்துக் கோடு போட்டாள். பேக்கரியைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி, கோடுகள் வெட்டிக்கொண்டன.

"இது உங்க தங்கச்சி தெருவாச்சே" என்றாள்.

"வாங்க அண்ணி! என்ன, அண்ணன் குடையோட வந்திருக்காரு?" என்றாள் தங்கை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். மோப்பம் மாடிக்குப் போனார். படம் தெளிவாக வரட்டும் என்று வருட ஆரம்பத்தில் அவரே செய்து மாட்டிய பூஸ்டர் அங்கே இருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி, சிக்னலை வாங்குவதை விட்டுவிட்டு அனுப்ப ஆரம்பித்திருந்தது. டிவி ஓடினால் அதற்கும் உயிர். வயரைப் பிடுங்கினார். கையிலிருந்த ரேடியோவில் இரைச்சல் சட்டென்று அடங்கியது. பூஸ்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"படம் போச்சு!" என்று கீழே தங்கை கத்தினாள்.

திரும்பும் வழியில், "சத்தம் நின்னுடுச்சு. இனிமே யாருக்கும் தொந்தரவில்ல" என்றார்.

"ஆமா, யாருக்கும் இல்ல" என்றாள் மனைவி. ஸ்கூட்டர் அப்போது பேக்கரியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

மாலைக் கூட்டத்தில் சங்கத் தலைவர் எழுந்தார். "கடிதாசி போட்டதுக்குப் பலன் பாருங்க, காலையிலேர்ந்து சத்தமே இல்ல. மோப்பம்னா மோப்பம்தான்!" கை தட்டினார்கள். பேக்கரிக்காரர் கடைசி நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், எல்லாம் முடிந்துவிடும். கைதட்டல் ஓய்ந்த பிறகு, மோப்பம் பையிலிருந்து பூஸ்டரை எடுத்து மேசையில் வைத்தார்.

"சத்தம் போட்டது இது. நான் செஞ்சது, என் தங்கச்சி வீட்டுல நானே மாட்டினது. ஒரே கோடு போட்டேன். பிடிக்காத ஆளோட கடை வந்ததும் நிறுத்திட்டேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து விழுங்கிக்கொண்டார்கள். பேக்கரிக்காரர் வந்து பூஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தினம் காலையில செவுத்துக்கு வணக்கம் சொல்லிட்டிருந்தேன்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மோப்பம் மைக்கை எடுத்துப் பேக்கரிக்காரரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அலைவரிசை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டு வெகுநேரம் கழித்து, கரகரவென்று குரல் வந்தது.

"கேக்குது. கை மாவுல இருக்கு. அப்புறம் பேசறேன்."

மோப்பம் மைக்கைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.