உடும்பு படகேறிய மூன்று நாள்

எங்கள் ஆட்களை உப்புத்தண்ணிக்காரர்கள் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், கிம்பர்லி கரையோரத் தீவுகளுக்கு நடுவே கடலாமையும் கடற்பசுவும் பிடித்து வளர்ந்த பூர்வகுடிக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் படகேறினால் வாந்தி எடுக்கிறவன் நான் ஒருவன்தான். ஆறு வயதில் அப்பாவின் அலுமினியப் படகில், அவர் மடியிலேயே எடுத்தேன். அன்றைக்கு மாமா எனக்கு உடும்பு என்று பெயர் வைத்தார். தரையில் ஊர்கிற ஜந்து என்று பொருள். டெஸ்மண்ட் என்கிற நிஜப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

நாற்பத்து நாலு வயது வரை பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் இருந்தேன். மீன் வேண்டுமென்றால் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுவேன். கெடுத்தது என் பெரியம்மா மகள் ரொவீனா. அவளுக்குச் சொந்தமாக ஒரு சின்னப் படகு உண்டு. பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மூன்று நாள் தீவுகளைச் சுற்றிக் காட்டுவாள். அவள் ஓட்டுவாள், புருஷன் லைல் பேசுவான். ஜூலை விடுமுறையில் லைல் ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டான்.

"உடும்பு, மூணு நாள் நீ வந்து பேசு" என்றாள்.

"என் வயிறு உனக்குத் தெரியாதாக்கா?"

"கடல் தட்டு மாதிரி கெடக்கு. மாத்திரை போட்டுக்க. உன்னை மாதிரி வாயடிக்கிறவன் இந்த ஊர்ல வேற எவன் இருக்கான்?"

அப்போதும் மறுத்திருப்பேன். அவள் பையிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்தாள். சட்டைப்பையின் மேல் 'பண்பாட்டு வழிகாட்டி' என்று நூலால் தைத்திருந்தது. தொப்பைக்கும் சரியாக இருந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். மாத்திரை, கழற்றிப்போட்ட பழைய சட்டையின் பையில் இருந்தது என்பது கரை மறைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

முதல் நாள் காலை ஒரு விரிகுடாவுக்குள் நுழைந்தோம். எங்கள் வழக்கப்படி கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். இன்னார் வந்திருக்கிறோம், கூட வந்திருப்பவர்கள் புதியவர்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்னோர்களுக்கு எங்கள் மொழியில் சொன்னேன். அந்த நேரம் பன்னிரண்டு பேரும் மரத்திலிருந்த கடற்கழுகைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

மதியம் இரண்டு தீவுகளுக்கு இடையிலான கால்வாயில் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், திரும்பியது. அங்கே ஓதம் திரும்பினால் தண்ணீர் கொதிக்கிற பானைதான். படகு ஒரு சுற்றுச் சுற்றியது, என் வயிறு இரண்டு சுற்று. பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்பக்கம் நடந்தேன். பண்பாட்டு வழிகாட்டி ஓடக்கூடாது அல்லவா? கம்பியை இரு கையாலும் பிடித்து, தலையைத் தாழ்த்தி, அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். பிறகு எல்லாம் போனது.

நிமிர்ந்து பார்த்தால் பன்னிரண்டு பேரும் என் பின்னால் வரிசையாக நிற்கிறார்கள். தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். என் முதுகு மறைத்ததால் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. அடிலெய்டிலிருந்து வந்த பெர்னிஸ், எழுபது வயது, பாட்டு டீச்சராக இருந்தவர், மெதுவாகக் கேட்டார்:

"கடலுக்கு என்ன குடுத்தீங்க டெஸ்மண்ட்?"

"மீன்" என்றேன். "கொஞ்சம் ரொட்டியும்."

பொய்யே இல்லை. காலையில் சாப்பிட்டது அதுதான். அதற்குள் குட்டி மீன்கள் கூட்டமாக வந்து மொய்த்தன. ஒரு பச்சை ஆமை வேறு தலையைத் தூக்கிப் பார்த்தது. "கடல் ஏத்துக்கிச்சு" என்றார் பெர்னிஸ். அவர் கண் கலங்கியிருந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று மூடிக்கொண்டேன். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அன்று இன்னும் மூன்று முறை 'கொடுத்தேன்'. மறுநாள் காலை ரொவீனா ஓட்டுகிற அறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, பன்னிரண்டு பேரும் பின்பக்கம் நின்று ஆளுக்கொரு பிஸ்கட்டைக் கடலில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"என்னடா நடக்குது?"

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நீ வாந்தி எடு, படகு முழுக்க எடு, நான் கழுவிக்கிறேன். ஆனா நம்ம பெரியவங்க பேரை அதுல இழுக்காத. இல்லாத சடங்கை நம்ம தலையில கட்டுறதுக்கு வெளியாளுங்க போதாதா, நீ வேறயா? நீயே போய்ச் சொல்லு."

சாயங்காலம் நண்டு வேகும்போது எல்லோர் முன்னாலும் நின்றேன். சட்டையைக் கழற்றிவிட்டுப் பேசலாமா என்று தோன்றியது. தொப்பையை நினைத்து விட்டுவிட்டேன்.

"அது சடங்கு இல்லைங்க. எனக்குக் கடல் ஒத்துக்காது. காலைச் சாப்பாடு வெளியே வந்துச்சு. அவ்வளவுதான்."

பயணிகளில் ஒரு ஓய்வுபெற்ற பல் டாக்டர் கையைத் தூக்கினார்.

"நானும் நேத்துலருந்து எடுத்துக்கிட்டிருக்கேன். சாமி காரியம் நடக்கிற இடமாச்சேன்னு உள்ள போய்ப் பையில எடுத்தேன்" என்றார்.

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. பெர்னிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லித்தான் அந்த பிஸ்கட்டைப் போட்டேன்" என்றார்.

ரொவீனா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல உள்ளது பெர்னிஸ். இந்த முட்டாள் வயித்தால அதைக் கெடுக்க முடியாது. நாளைக்குத் தீவுல இறங்கும்போது இவன் கரைக்குக் குரல் குடுப்பான். அதுதான் எங்க வழக்கம். அதைக் கேளுங்க."

மூன்றாம் நாள் குரல் கொடுத்தேன். ஒரு கேமராகூட ஒலிக்கவில்லை. முடிந்ததும் பெர்னிஸ், "எங்களைப் பத்தி என்ன சொன்னீங்க?" என்றார். "நல்லவங்க, கொஞ்சம் விவரம் பத்தாதுன்னு" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

லைலின் கால் சரியாகிவிட்டது. இப்போது என் வேலை கரையில்தான். ஓதம் வற்றியதும் மீனை மடக்க எங்கள் முன்னோர் கட்டிய கற்சுவர்களைப் பயணிகளுக்கு நடந்தே காட்டுகிறேன். படகு அந்தச் சுவர்கள் இருக்கும் தீபகற்ப முனைக்கு வருவதற்குள் செம்மண் சாலையில் வண்டியில் போய் நின்றுகொள்வேன். ரொவீனா சம்பளத்துக்கு ஒரு டிரைவர் வைத்துத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். வேறு யாராவது ஓட்டினால் வண்டியிலும் எனக்கு வாந்திதான்.